அடுத்தவர் பார்சலும் ஆஸ்திரேலிய கிரிமினல் சட்டமும்

ராத்திரி ஷிஃப்ட் வேலையில் இருந்துகொண்டு சட்டம் படிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. இரண்டு மணிக்கு மேல் பெட்ரோல் பங்குக்கு ஆள் வருவது அபூர்வம். சிட்னியில் டூங்காபி பக்கம் வேலை. கல்லாவில் உட்கார்ந்தே படித்துவிடுவேன். இந்த செமஸ்டர் கிரிமினல் லா. பாடத்தில் வரும் பெரிய வழக்குகளில் ஒன்று பெட்ரோல் பங்கிலேயே நடந்தது. 1967-இல் தீர்ப்பான ரயன் வழக்கு. கொள்ளையடிக்க வந்தவன் ஊழியரைக் கட்டிப்போட முயன்றபோது கையில் இருந்த துப்பாக்கி வெடித்து அவர் இறந்துபோனார். அவர் சட்டென்று அசைந்ததால் விரல் தானாக அழுத்திவிட்டது என்று வாதம். துப்பாக்கியில் குண்டு போட்டு, அதன் குதிரையை இழுத்துவைத்து, சேஃப்டியும் போடாமல் ஒரு மனுஷன்மேல் நீட்டியதெல்லாம் தானாக நடந்ததா? கொலைக் குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது. ராத்திரி தனியாக உட்கார்ந்து படிக்கிற வழக்கு இல்லை அது.

ஊருக்குப் போய்வருகிறவர்களுக்கு அதைவிட முக்கியமானது ஹீ காவ் டே வழக்கு. 1982-இல் கோலாலம்பூரிலிருந்து மெல்போர்னில் வந்து இறங்கியவரின் பையைச் சுங்கத்தில் சோதித்தார்கள். பைக்கு அடியில் ஒரு போலி அடி. அதற்குள் கிட்டத்தட்ட 2.8 கிலோ ஹெராயின். உள்ளே அது இருந்ததே எனக்குத் தெரியாது என்றார் அவர். கடத்தி வந்தார் என்ற குற்றத்துக்கு, அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை என்று விசாரணை நீதிபதி ஜூரியிடம் சொல்லிவிட்டார். பை அவருடையது, பைக்குள் ஹெராயின், முடிந்தது கதை.

1985-இல் ஹைகோர்ட் இதை ஏற்கவில்லை. (இங்கே ஹைகோர்ட் நாட்டுக்கே ஒன்றுதான், அதற்கு மேல் கோர்ட் கிடையாது.) சட்டத்தின் வாசகம் எண்ணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும், ஆயுள் தண்டனை வரை போகிற குற்றத்துக்குக் குற்ற எண்ணம் வேண்டும் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. அவர் விடுதலையாகவில்லை, வழக்கு மறு விசாரணைக்குப் போனது.

சின்னக் குற்றங்களில் எண்ணத்தை நிரூபிக்க வேண்டாம் என்று சட்டம் விட்டுவிடுவது உண்டு. அங்கேயும், நேர்மையாகவும் நியாயமான காரணத்தோடும் நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்ல இடம் இருக்கிறது. 1941-லேயே, லைசென்ஸ் இல்லாதவர் கையில் காரைக் கொடுத்த ஒரு பெண்மணியின் வழக்கில் நீதிபதி டிக்சன் இதை எழுதிவைத்தார். அந்த அம்மா என்னவோ தோற்றுத்தான் போனார். அந்த இடத்தையும் அடைத்துவிட்ட குற்றங்களும் உண்டு. அதில் மாட்டினால் மாட்டினதுதான்.

அப்புறம், யார் நிரூபிப்பது? நம் வீடுகளில் 'தப்பு பண்ணலேன்னா அவனே நிரூபிக்கட்டுமே' என்பார்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒருவன் தற்காப்புக்காக அடித்தேன் என்கிறான், அதற்குக் கொஞ்சம் ஆதாரமும் இருக்கிறது என்று வையுங்கள். அது தற்காப்பு இல்லை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். அவன் அது தேவை என்று நம்பினானா, அவன் கண்ணுக்குப் பட்ட நிலைமைக்கு அந்த அடி நியாயமா என்று இரண்டையும் பார்ப்பார்கள். மனநோயால் செய்தேன் என்றால் நிரூபிக்கிற பாரம் அவன் பக்கம் வந்துவிடும். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடும் உண்டு. குயின்ஸ்லாந்து இன்னமும் சாமுவேல் கிரிஃபித் எழுதிய 1899-ஆம் வருஷத்துச் சட்டத்தொகுப்பை வைத்துத்தான் ஓட்டுகிறது.

சரி, பார்சலுக்கு வருகிறேன். போதைப்பொருள் கடத்தல் இப்போது மத்திய கிரிமினல் கோடுக்குள் இருக்கிறது. ஹெராயின் 1.5 கிலோவைத் தொட்டால் ஆயுள் வரை போகும். 'நிச்சயமாகத் தெரியும்' என்று நிரூபிக்க வேண்டும் என்பதில்லை. உள்ளே அந்த மாதிரி ஏதாவது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று மனசில் பட்டும், நியாயமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தால் போதும். இவ்வளவு எடை என்று தெரியாது என்பது எடுபடவே எடுபடாது.

போன தடவை திருச்சியில் கிளம்புகிற அன்று, பெரியம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் சிட்னியில் இருக்கும் மகனுக்கு என்று டேப் சுற்றிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். நானும் கோலாலம்பூர் வழியாகப் போகிறவன். "பிரிச்சுப் பார்த்துட்டு எடுத்துட்டுப் போறேன் அண்ணே" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "நாலு எழுத்து படிச்சதும் மனுசங்களையே சந்தேகப்படுறான்" என்று பெரியம்மா சமையலறையிலிருந்தே ஆரம்பித்துவிட்டார். உள்ளே பருப்புப் பொடி, ஒரு ஜோடி செருப்பு, செருப்புக்குள் செருகிய முருங்கை விதைப் பொட்டலம். ஆஸ்திரேலியாவுக்கு விதை கொண்டுபோனால் அதற்குத் தனிக் கேள்வி வரும் என்று சொல்லி, பொட்டலத்தை அண்ணன் கையிலேயே கொடுத்தேன். பொடியை சிட்னியில் டிக்ளேர் பண்ணினேன், பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.