பார்சிலோனாவில் ஸ்லோடைவ்

ஜனவரி 29, 2014

ஸ்லோடைவ், எனக்குப் பிடித்த பிரிட்டிஷ் ராக் குழு, மறுபடி சேர்கிறார்கள்! நேற்று அறிவிப்பு வந்ததிலிருந்து வேறு எதிலும் மனம் நிற்கவில்லை. மே 30, பார்சிலோனா, பிரிமாவேரா சவுண்ட் விழா. 1995-இல் அவர்களுடைய 'பிக்மேலியன்' ஆல்பம் வெளியாகி ஒரு வாரத்திலேயே கிரியேஷன் இசைத்தட்டு நிறுவனம் கைவிட்டுவிட்டது, குழுவும் கலைந்தது. அதற்கு முன்பே பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் அவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தன. 1993-இல் 'சுவ்லாகி' ஆல்பம் வந்தபோது, இதை இன்னொரு முறை கேட்பதைவிடக் கஞ்சித் தொட்டியில் மூழ்கிச் சாகலாம் என்று மெலடி மேக்கரில் ஒருவர் எழுதினார். அந்த ஆல்பம்தான் என்னைப் பல இரவுகள் தாங்கியது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, தம்பிக்கும் சேர்த்து.

மே 29

பாரிஸிலிருந்து நேரடி ரயில், ஆறரை மணி நேரம். அப்புறம் மஞ்சள் மெட்ரோ வழித்தடத்தில், விழா நடக்கும் ஃபோரம் திடலுக்கு.

2004-இல் நடந்த பண்பாட்டு மாநாட்டுக்காகக் கட்டிய இடம் இது. புல்வெளியெல்லாம் கிடையாது, கண்ணுக்கெட்டியவரை கான்கிரீட், சாய்ந்து நிற்கும் பிரம்மாண்டமான சோலார் கூரை, அதற்கு அந்தப் பக்கம் மத்தியதரைக்கடல். அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடல் இருக்கிறதே, அது போதும்.

இன்று ஆர்கேட் ஃபயர் குழு. நன்றாகத்தான் இருந்தது, நான் நாளையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 30, இரவு

கை இன்னும் நடுங்குகிறது, அதனால் வரிசையில்லாமல் எழுதுகிறேன்.

ஹெட்போனுக்கென்றே பிறந்த இசை, வெட்டவெளியில் கரைந்துபோய்விடுமோ என்று பயந்திருந்தேன். நடந்தது நேர்மாறு. மண்டபத்தில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பும், இந்த மாதிரிக் குழுவுக்கு அதுவே வினை, ஏற்கெனவே எதிரொலியில் ஊறிய கிதார்கள் மேலும் குழைந்து சேறாகிவிடும். இங்கே சுவரே இல்லை, எதிரொலி முழுக்க, கிதார் ஒலியை மாற்றும் கால் பெடல்களிலிருந்தே வந்தாக வேண்டும், அதனால் எந்த கிதார் எங்கே தொடங்கி எங்கே தேய்கிறது என்று பிரித்துக் கேட்க முடிந்தது. காற்று திரும்பும்போது மட்டும் மேல் ஸ்வரங்கள் ஒரு பக்கமாக நழுவிப் போய்த் திரும்பி வந்தன, பேஸ் அசையவில்லை.

முதல் பாட்டு அவர்கள் பெயரையே தாங்கிய பாட்டு, 1990-இல் வந்த முதல் இபியிலிருந்து (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சின்ன இசைத்தட்டு). அந்த முதல் கிதார் மீட்டலிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிதார்காரரின் கால் பெடல் பலகைமேல் நிதானமாக இறங்குகிறது, ஒரு பொத்தான், அவ்வளவுதான், அடுத்த நொடி நெஞ்செலும்பு அதிர்கிறது.

தம்பி காதருகே வந்து, "அண்ணா, என்ன பாடுறாங்கன்னே புரியலையே" என்றான். "புரிய வேண்டாம்டா, குரலையும் ஒரு கிதார்னு நினைச்சுக் கேளு" என்றேன். குழுவின் பாடகர்கள் ரேச்சல் காஸ்வெல், நீல் ஹால்ஸ்டெட் இரண்டு பேரின் குரலும் ஒன்றுக்குள் ஒன்று போகும், வார்த்தை அதில் பாதி மூழ்கியே கிடக்கும். சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் பாடியவர்கள் அப்படித்தான் பாடுவார்கள். இரண்டு பாட்டுக்கு அப்புறம் அவன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான்.

முடியும் நேரத்தில் ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் கவிதை, பிங்க் ஃபிளாய்ட் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரட் மெட்டமைத்தது. ரேச்சல் சில வரிகள் பாடிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, மீதியை வாத்தியங்கள் எடுத்துக்கொண்டன. சைமன் ஸ்காட்டின் டிரம்ஸ் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி ஏறியது, எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர் வாய்விட்டு அழுதார்.

மே 31

பழம்பாட்டைப் பாடிக் காசு பார்க்கும் கூட்டமாக அவர்கள் நேற்று நிற்கவில்லை. 20 வருஷம் கழித்தும் அந்த ஒலிக்கு வயதாகவில்லை, இப்போதுதான் அதற்கு ஏற்ற அளவில் ஆட்கள் வந்து சேர்ந்திருக்கிறோம். கிண்டலடித்த பத்திரிகைகளில் மெலடி மேக்கர் 2000-த்திலேயே மூடப்பட்டுவிட்டது.

தம்பி காலையிலிருந்து 'சுவ்லாகி' கேட்டுக்கொண்டிருக்கிறான், என் ஹெட்போனில். இன்று இரவு நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவின் கச்சேரி இருக்கிறது, போவோம். ஆனால் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்த ஐந்து பேரும் ஸ்டூடியோவுக்குள் போய்ப் புதிதாக ஒரு ஆல்பம் போட வேண்டும்.