பென்சில் தடம்

பழைய கண்ணாடி நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து சீராக்குவது என் வேலை. பிரபு குடும்பம் ஒன்றிலிருந்து வந்த பெட்டியில் ஓர் இளைஞரின் படம் இருந்தது. உயர்ந்த காலர், உடம்போடு ஒட்டித் தைத்த கோட்டு, ஒரு கையுறையை மட்டும் கழற்றி விரலிடுக்கில் பிடித்திருக்கும் ஒயில். முகத்தில் மாசு மரு இல்லை. பார்த்த உடனே பிடித்துப்போயிற்று.

2400 டிபிஐயில் ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் கன்னமெங்கும் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். தூசி என்று நினைத்து ஒரு பகல் முழுக்க ஒவ்வொன்றாக அழித்தேன். மாலையில் முழுப் படத்தையும் திரையில் வைத்தபோது திக்கென்றது. இரண்டு கன்னத்திலும் குழிகுழியாக அம்மைத் தழும்பு.

நான் அழித்தது பென்சில் கீற்றுகளை. நெகட்டிவில் கருமை கூடும் இடம் அச்சில் வெளுக்கும். அதனால் டச்சிங் செய்கிறவர், அதாவது நெகட்டிவில் கையால் திருத்தம் செய்கிறவர், கண்ணாடியின் ஒளியுணர் மருந்து பூசிய பக்கத்தில் ஒரு பூச்சைத் தடவி, ஊசிபோல் சீவிய பென்சிலால் ஒவ்வொரு பள்ளத்தையும் நிரப்புவார். ஒரு கீற்று கடுகில் பாதிகூட இருக்காது. முகம் தெரியாத அந்தக் கைக்காரரின் பல மணி நேர உழைப்பைக் குப்பையென்று துடைத்திருக்கிறேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

நல்லவேளை, மூல ஸ்கேன் பத்திரமாக இருந்தது. இரண்டு படங்களையும் அந்த இளைஞரின் பேத்தியிடம் காட்டினேன். "இதுல எது சார் எங்க தாத்தா?" என்றார்.

தழும்பு தெரியும் படம்தான் உண்மை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் காலத்துக் கண்ணாடி பிளேட்டுக்கு நீலம் நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியாது. 1873இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் வோகல் சாயம் சேர்த்துப் பச்சை வரை பிளேட்டின் பார்வையை நீட்டினார். சிவப்பு வசப்பட மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதனால் சிவந்த தோல், அச்சில், உள்ளதைவிடக் கறுத்தே விழும். நேரில் அவர் முகம் இவ்வளவு மோசமாக இருந்திருக்காது. கேமரா கூட்டியதைத்தான் பென்சில் குறைத்திருக்கிறது, கொஞ்சம் தாராளமாகவே.

அதை அப்படியே சொன்னேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, பென்சில் இருந்த படத்தைச் சுவருக்கும், மற்றதைத் தன் மேசைக்கும் கேட்டார்.

இப்போதெல்லாம் ஸ்கேனரைப் போடுவதற்கு முன் கண்ணாடியைச் சாய்த்து விளக்கொளியில் பார்க்கிறேன். பென்சில் பட்ட இடம் சாம்பல் நிறத்தில் மினுங்கும்.