பாடவா, பாடுவதிலா?

ஈஸி, ரெடி, குட் போன்ற ஆங்கிலப் பெயரடைகளுக்குப் பின் வினை இன்ஃபினிட்டிவாக (டு கோ) வருமா, ஜெரண்டாக (கோயிங்) வருமா? எங்கள் ஆங்கில வகுப்பில் இந்தப் பாடம் தமிழில்தான் தொடங்கும். ஆசிரியர் தமிழ் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, வினை எப்படி முடிகிறது என்று பார்க்கச் சொல்வார். 'வாசிக்க இலகு', 'போக ஆயத்தம்' என்று செய எச்சமாக நின்றால் ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவ்: ஈஸி டு ரீட், ரெடி டு கோ. 'நீந்துவதில் கெட்டிக்காரன்', 'படிப்பதில் ஆர்வம்' என்று தொழிற்பெயரில் வேற்றுமை உருபு ஒட்டியிருந்தால், உருபுக்கு ஈடாக அட், இன் போன்ற ஒரு ப்ரெபொசிஷன், அதன்பின் ஜெரண்ட்: குட் அட் ஸ்விம்மிங், இன்டரெஸ்டட் இன் லேர்னிங். எந்தச் சொல்லுக்கு அட், எதற்கு இன், எதற்கு ஆஃப் என்பதை மட்டும் சேர்த்தே பாடமாக்கவேண்டும். ஏபிள் டு டூ, கேபபிள் ஆஃப் டூயிங் இரண்டுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், அமைப்பு வேறு.

இந்த வழி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. 'சந்தித்ததில் மகிழ்ச்சி' என்கிறோம். ஆங்கிலத்தில் ப்ளீஸ்ட் டு மீட் யூ. க்ளாட், சப்ரைஸ்ட் போன்ற உணர்ச்சிச் சொற்களுக்கும் டு சரியாக வரும். 'பார்க்கத் தகுந்த கோயில்' என்பதை நம்பி வேர்த் டு விசிட் என்று எழுதினால் பிழை; வேர்த் விசிட்டிங் என்று ஜெரண்ட் நேரே வரும். பிஸியும் அப்படியே: பிஸி குக்கிங். ஆனால் முன்னால் 'அளவுக்கு மீறி' என்று பொருள்படும் டூ (too) சேர்ந்து 'சமைக்க நேரமில்லாத அளவுக்கு வேலை' என்ற பொருள் வந்தால் டூ பிஸி டு குக். அங்கே இன்ஃபினிட்டிவை இழுத்து வருவது பிஸி அல்ல, அந்த டூ.

அதிகம் பேர் சறுக்குவது யூஸ்ட் டு என்பதில். 'குளிரில் வாழ்ந்து பழகிவிட்டேன்' என்பதற்கு ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் இன் த கோல்ட். டுவைக் கண்டதும் லிவ் என்று எழுதக் கை போகும். சோதனை எளிது: வினையை எடுத்துவிட்டு த கோல்ட் என்ற பெயர்ச்சொல்லை மட்டும் வைத்துப் பாருங்கள். யூஸ்ட் டு த கோல்ட் சரியாக நிற்கிறது. ஆகவே இந்த டு ப்ரெபொசிஷன். ரெடி டு கோ என்பதில் கோ என்ற வினையை எடுத்துவிட்டு த ஸ்டேஷன் என்று வைத்தால் நிற்காது. ஐ யூஸ்ட் டு லிவ் இன் ஜாஃப்னா வேறு சங்கதி. முன்னர் வாழ்ந்தேன், இப்போது இல்லை.

அஃப்ரெய்ட் இரண்டையும் ஏற்கும். 'மரத்தில் ஏறப் பயம்', அதனால் ஏறமாட்டேன்: அஃப்ரெய்ட் டு க்ளைம்ப். 'விழுந்துவிடுவேனோ என்று பயம்': அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங். யாரும் விரும்பி விழுவதில்லை; ஆகவே அங்கே டு ஃபால் பொருந்தாது.

இதே வழியைத் திருப்பிப் போட்டால் ஆங்கிலம் பேசும் நாட்டில் பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழும் படிப்பிக்கலாம். குட் அட் சிங்கிங் அவர்கள் நாவில் தானாக வரும். அந்த அட் இருக்கும் இடத்தில் இல் உருபைப் போடச் சொல்லுங்கள்: பாடுவதில் கெட்டிக்காரி.