ஈல்டு எவ்வளவு?

தைவானின் ஷின்ச்சு நகரில் முனைவர் பட்டத்துக்காக நான்கு வருடம் இருந்தேன். அதில் கற்றுக்கொண்டது கடைத்தெருச் சீனம் மட்டும்தான். 2008இல் அங்குள்ள அறிவியல் பூங்கா என்ற தொழில்நுட்ப வளாகத்தில் ஒரு சிப் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கடைத்தெருவில் கேட்காத ஒரு சொல் காதில் விழுந்தது: லியாங்-லூ. நாங்கள் ஈல்டு என்று சொல்வோம். ஒரு வட்டமான சிலிக்கான் தகட்டில், அதாவது வேஃபரில், ஐந்நூறு சிப் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சோதனையில் நானூற்று ஐம்பது ஒழுங்காக வேலை செய்தால் ஈல்டு 90 சதவீதம். காலைக் கூட்டத்தில் வணக்கத்துக்கு அடுத்து வரும் வார்த்தை அதுதான்.

எனக்கு எட்சிங் பிரிவு. வேஃபரின் மேல் இருக்கும் படலத்தைப் பிளாஸ்மா வாயுவால் செதுக்கும் வேலை. சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருக்கும், ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குப் போன் வந்தது. ஒரு லாட்டை, அதாவது ஒன்றாகப் போகும் இருபத்தைந்து வேஃபரை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போய்த் திரையில் பார்த்தால் நல்ல சிப்பெல்லாம் பச்சை, கெட்டதெல்லாம் சிவப்பு. நடுவில் முழுக்கப் பச்சை. விளிம்பைச் சுற்றி மட்டும் வளையல் போட்ட மாதிரி ஒரு சிவப்பு வளையம். இருபத்தைந்து வேஃபரிலும் அதே வளையம்.

காலைக் கூட்டத்தில் எங்கள் மேலாளரிடம் பத்து நிமிடம் விளக்கினேன். வாயு அழுத்தம், வெப்பநிலை, முந்தைய ஆறு மாதப் புள்ளிவிவரம் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, வாடிக்கையாளருக்கு இந்த விளக்கத்தை அனுப்பலாமா, சிப்பை அனுப்பலாமா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்டார். கடைசியில் காரணம் சின்னதாக இருந்தது. வேஃபரைச் சுற்றி உட்காரும் ஃபோகஸ் ரிங் என்ற வளையம் பிளாஸ்மாவில் தேய்ந்துகொண்டே வரும். செலவை மிச்சம் பிடிக்க அதை மாற்றும் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டியிருந்தோம். அந்த மிச்சம் வேஃபரின் விளிம்பில் நஷ்டமாக வந்து நின்றது.

அவரை எல்லோரும் சுவேஜாங் என்று அழைப்போம். பள்ளி, கல்லூரியில் நமக்கு மூத்தவர் என்று பொருள். எங்கள் பூங்காவில் வேலையில் மூத்தவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் 1979இல், இருபத்து நான்கு வயதில், இட்ரி என்ற அரசுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவர். தைவான் வளர்ந்த கதையை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் அவர் வாயால் கேட்டுவிட்டேன். மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

அவர் அடிக்கடி சொன்னது ஒரு காலை உணவைப் பற்றி. 1974 பிப்ரவரி 7 அன்று தைபெயில் ஒரு சோயாப்பால் கடையில் ஏழு பேர் உட்கார்ந்தார்கள். பொருளாதார அமைச்சர் சுன் யுன்-சுவான் அதில் ஒருவர். அவரே மின்பொறியாளர், தைவானின் மின்வாரியத்தை நடத்தியவர். இன்னொருவர் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த பான் வென்-யுவான். நாடு அதுவரை துணி, பிளாஸ்டிக், டிவி பாகம் கோப்பது என்று ஓடிக்கொண்டிருந்தது. கூலி ஏற ஏற அந்த வேலைகள் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்தது என்ன என்றபோது, ஒருங்கிணைந்த மின்சுற்று, அதாவது சிப், என்றார் பான். எத்தனை வருடம்? நான்கு. எவ்வளவு பணம்? ஒரு கோடி டாலர். 1974இன் தைவானுக்கு அது சின்னத் தொகை இல்லை.

தொழில்நுட்பத்தை ஆர்.சி.ஏ.விடம் விலைக்கு வாங்கினார்கள். 1976இல் இளம் பொறியாளர்களை அங்கே பயிற்சிக்கு அனுப்பினார்கள். மறு வருடம் அக்டோபரில் ஷின்ச்சுவில் அரசு செலவில் ஒரு மாதிரி ஆலை தயாரானது. முதலில் செய்தது கைக்கடிகாரச் சிப். சில மாதங்களிலேயே அந்த ஆலையின் ஈல்டு, கற்றுக்கொடுத்த ஆர்.சி.ஏ.வின் ஈல்டையே தாண்டிவிட்டது. சுவேஜாங் இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஆலையில் அவர் தரையைத் துடைத்தும் இருக்கிறார்.

ஓர் அரசு ஆய்வகம் ஆலை கட்டியதும், அதை அப்படியே அரசுத் துறையாக வைத்துக்கொள்ளத்தானே தோன்றும்? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 1980இல் யு.எம்.சி. என்ற சிப் நிறுவனத்தைத் தொடங்கி, தொழில்நுட்பத்தையும் ஆட்களையும் சேர்த்தே அங்கே அனுப்பினார்கள். அதே வருடம் டிசம்பரில் அறிவியல் பூங்காவும் திறந்தாயிற்று. இரண்டு பல்கலைக்கழகங்கள், இட்ரி, பூங்கா எல்லாம் சைக்கிள் தூரம். 1985இல், சிப் துறையில் பல வருடம் இருந்த மாரிஸ் சாங்கை அமெரிக்காவிலிருந்து இட்ரிக்குத் தலைவராக அழைத்து வந்தார்கள். 1987இல், மற்ற கம்பெனிகளுக்குச் சிப் செய்து கொடுக்கும் டி.எஸ்.எம்.சி. நிறுவனம் பிறந்தது. பணம் போட உள்ளூர் முதலாளிகள் தயங்கினார்கள். சிலரை அரசாங்கமே கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அரசு நிதியம் 48.3 சதவீதம் போட்டது, ஹாலந்தின் பிலிப்ஸ் 27.5 சதவீதம், மிச்சம்தான் உள்ளூர்த் தனியார். முதல் ஆலையே இட்ரியிடம் வாடகைக்கு எடுத்ததுதான். அங்கிருந்து மாறிப்போனவர்களில் சுவேஜாங்கும் ஒருவர். எங்கள் நிறுவனத்துக்கு வந்தது அதற்கு ரொம்பப் பின்னால்.

சந்தையை அதன் போக்கில் விட்டதால் தைவான் வளர்ந்தது என்று யாராவது சொன்னால் நான் இந்தப் பங்குக் கணக்கைத்தான் காட்டுவேன். அரசு திட்டம் போட்டதால் வளர்ந்தது என்று சொல்பவர்களிடம், அந்தச் சிப்பை வாங்கியது யார் என்று கேட்பேன். வாங்கியது தைவான் அரசு இல்லை. கடல் தாண்டி இருந்த கம்பெனிகள், பிடிக்கவில்லை என்றால் மறுநாளே ஜப்பானிடமோ அமெரிக்காவிடமோ போகக்கூடியவர்கள். முதல் நஷ்டத்தை ஏற்றுக்கொள்ள அரசு முன்னே நின்றது. ஆனால் விடைத்தாளைத் திருத்தியது அரசு இல்லை, வாங்கியவர்கள். ஆலையில் நாளும் ஈல்டு எண்ணைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஊறிப்போன நம்பிக்கை இது.

இந்தக் கண்டிப்பு சிப்போடு வந்ததும் இல்லை. 1950களில் தொழில்துறையை நடத்திய யின் சுங்-ஜுங், அவரும் மின்பொறியாளர், தரம் குறைந்த மின்விளக்குகளை ஆயிரக்கணக்கில் பொதுமக்கள் முன் உடைக்க வைத்தார். வெளிநாட்டுப் பொருளைத் தடுத்து உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்றிய அதே அரசுதான் இதைச் செய்தது. நீங்கள் சரியாகச் செய்யாவிட்டால் தடையை எடுத்துவிடுவேன் என்ற மிரட்டல் அதில் இருந்தது. 1965இல் அமெரிக்க உதவிப் பணம் நின்றது. அடுத்த வருடம் காவ்சியுங் துறைமுகத்தில் ஏற்றுமதி மண்டலம் திறந்தார்கள். வெளியே விற்றால்தான் சோறு என்ற நிலை.

மிரட்டல் இல்லாத இடத்தில் என்ன ஆனது என்பதற்குக் கார் ஒரு சாட்சி. யூலோன் நிறுவனம் 1953இல் தொடங்கியது, சிப்புக்கு இருபது வருடம் முன்னால். பல காலம் சுங்கச் சுவருக்குள் வைத்து வளர்த்தார்கள். உள்ளூர்க்காரருக்கு வேறு வழியில்லாததால் வாங்கினார்கள். தைவான் கார் என்று உலகத்தில் ஒரு பெயர் வரவே இல்லை. அதே அதிகாரிகள், அதே பொறியியல் கல்லூரிகள். காரைத் திருப்பி அனுப்பச் சக்தி உள்ள வாடிக்கையாளர்தான் இல்லை.

சிப்பிலும் எல்லாம் ஜெயித்துவிடவில்லை. டி-ராம் நினைவகச் சிப்பில் தைவான் கம்பெனிகள் கடனுக்கு மேல் கடன் வாங்கி ஆலை கட்டின. 2008 நெருக்கடியில் விலை பாதாளத்துக்குப் போனது. நான் சேர்ந்த வருடம். பூங்காவில் பல கம்பெனிகள் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தன, சாப்பாட்டுக் கடைகள் மதியத்திலும் காலியாகக் கிடந்தன. அரசு அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே நிறுவனமாக்கிக் காப்பாற்றப் பார்த்தது. 2009 நவம்பரில் நாடாளுமன்றம் பணம் கொடுக்க மறுத்துவிட்டது. எனக்குத் தெரிந்தவர்கள் அந்தக் கம்பெனிகளில் இருந்தார்கள், வருத்தம்தான். ஆனாலும் மறுத்தது சரி என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இவ்வளவும் பொறியாளர்களின் கதை. மற்றவர்களின் கதையை எனக்குச் சொன்னவர் வீட்டுக்காரம்மா. ஷின்ச்சுவுக்குப் பக்கத்து ஊரான ஜுபெயில் அவருடைய மாடி வீட்டில் பல வருடம் குடியிருந்தேன். அமா என்று கூப்பிடுவேன், அங்கே பாட்டிக்கு அதுதான் சொல். அமா பிறந்தது 1952. அப்பா குத்தகை விவசாயி. 1953இல் "உழுபவனுக்கே நிலம்" சட்டம் வந்தபோது அவர் உழுத நிலம் அவருக்கே சொந்தமானது. பழைய நிலச்சுவான்தார்களுக்கு அரசு விலையில் 70 சதவீதத்தைக் கடன் பத்திரங்களாகவும் 30 சதவீதத்தை அரசுக் கம்பெனிகளின் பங்காகவும் கொடுத்தது. வயலைக் கொடுத்தவன் கையில் சிமெண்ட் கம்பெனிப் பங்கு வந்தது. ஆனால் நிலம் கிடைத்த விவசாயியும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. உரம் அரசிடம்தான் வாங்க வேண்டும், அதற்கு நெல்லாகத்தான் கொடுக்க வேண்டும், மாற்று விகிதத்தை அரசே வைக்கும். 1973 வரை இது நடந்தது. பட்டாளத்துக்கும் நகரத்துக்கும் சோறு போட்டது இந்த மறைமுக வரிதான். "அப்பா உர மூட்டையைத் தூக்கும்போதெல்லாம் நெல் மூட்டையை எண்ணுவார்" என்றார் அமா.

பதினேழு வயதில் அமா டிவி பாகம் கோக்கும் ஓர் ஆலைக்குப் போனார். கையில் எப்போதும் கரைப்பான் நாற்றம் இருந்ததாம். அந்தத் தலைமுறைப் பெண்கள் என்ன கொடுத்தார்கள் என்பது நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. ஆர்.சி.ஏ. தாவ்யுவானில் நடத்திய டிவி ஆலையில் கரைப்பான்கள் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்தன. அங்கே வேலை பார்த்தவர்கள் பலருக்குப் புற்றுநோய் வந்தது. ஆலை 1992இல் மூடியது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2018இல். சிப் கற்றுக்கொடுத்ததும் இதே ஆர்.சி.ஏ.தான். 1987 வரை நாட்டில் ராணுவச் சட்டம்; சுதந்திரமாகச் சங்கம் வைத்துக் கேட்க அந்தப் பெண்களுக்கு வழியில்லை. சிப் ஆலையில் ஒரு தூசி விழுந்தாலும் லாட்டை நிறுத்துகிறோம். அவர்கள் குடித்த தண்ணீரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. எங்கள் கூட்டங்களில் ஈல்டு எண் வரும்போதெல்லாம் இது என் மனதில் வந்து நிற்கும்.

2020இல் ஒரு புயல்கூடத் தைவானில் கரையேறவில்லை. அடுத்த வசந்தத்தில் ஐம்பது வருடத்துக்கு மேல் காணாத வறட்சி. ஷின்ச்சுவின் பாவ்ஷான் நீர்த்தேக்கத்தில் சேறு வெடித்துக் கிடந்தது. அரசு நாடு முழுவதும் 70,000 ஹெக்டேருக்கு மேல் பாசனத்தை நிறுத்தியது. விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். சிப் ஆலைகளுக்குத் தண்ணீர் நிற்கவில்லை, தேவைப்பட்டால் ஊற்ற டேங்கர் லாரிகளும் தயாராக இருந்தன. அந்த வாரங்களில் எங்கள் காலைக் கூட்டத்தில் ஈல்டுக்கு முன்னால் தண்ணீர்க் கணக்கு வந்தது. எவ்வளவு மறுசுழற்சி, எத்தனை லாரி என்று. வேலைக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் நாற்று நடாத வயல்.

அமாவின் தம்பி நிலமும் அதில் ஒன்று. 1953இல் அவர்கள் அப்பாவுக்குக் கிடைத்த அதே நிலம்.

ஒரு நாள் மாலை படியேறும்போது அமா சமையலறையிலிருந்து கூப்பிட்டார். பேரனும் பூங்காவில்தான் வேலை பார்க்கிறான். "உங்கள் ஆலைக்கு இன்றைக்குத் தண்ணீர் வந்ததா?" என்றார். வந்தது அமா என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு, போன வருட அரிசியைக் கழுவி குக்கரில் வைத்தார். கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் ஒரு வாளியில் பிடித்து, வாசலில் இருந்த கீரைத் தொட்டிக்கு ஊற்றினார்.