அப்பாவின் 45-ஆம் நம்பர் ரோடு

5 ஜனவரி 2025, ஞாயிறு. தாம்பரம்

பொங்கலுக்கு வத்தலக்குண்டு போகிறோம். அதற்குள், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில், நாங்கள் போகிற இந்தப் பழைய 45-ஆம் நம்பர் சாலையின் எண்களை ஒருமுறை முழுக்கச் சரிபார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன பொங்கலுக்கு மச்சான் கார் உளுந்தூர்பேட்டை தாண்டி நின்றுவிட்டது. ராத்திரி பதினொன்றரை மணி, காரில் கைக்குழந்தை. உதவிக்கு போன் போட்டவன் நான். "என்.எச். 45, உளுந்தூர்பேட்டை தாண்டி" என்றேன். எதிர்முனையில் இருந்தவர் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், 45 மத்தியப் பிரதேசம் காட்டுதே" என்றார். தப்பு என்னுடையதுதான். அந்த எண் இப்போது ஜபல்பூர் வழியாக ஓடுகிறது. உளுந்தூர்பேட்டையில் இருப்பது 38. அன்றைக்குப் போன இருபது நிமிஷம் இன்னும் மனசை உறுத்துகிறது.

சின்ன வயசிலிருந்து எங்களுக்கு அது 45-தான். சென்னை, தாம்பரம், திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், பெரியகுளம், தேனி என்று ஒரே எண், ஒரே சாலை. 2010-இல் நாடு முழுக்க எண்களை மாற்றியபோது அது ஐந்து துண்டானது. திண்டிவனம் வரை 32. அங்கிருந்து விழுப்புரம் 132. விழுப்புரத்திலிருந்து திருச்சி 38. திருச்சி–திண்டுக்கல் 83. திண்டுக்கல்லுக்கு மேற்கே எங்கள் ஊர்ப் பக்கம் 183.

7 ஜனவரி, செவ்வாய்

வேலை முடிந்து வந்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஜோசம் திறந்தேன். அந்த வரைபடத்தைத் திருத்துகிற மென்பொருள் அது. சாலையைத் துண்டு துண்டாக வரைந்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு 'வே'. பாலம் வந்தால் தனி வே, வேக வரம்பு மாறினால் தனி வே. ஒவ்வொன்றிலும் 'ரெஃப்' என்ற இடத்தில் எண் இருக்க வேண்டும். அதுபோக, எல்லாத் துண்டுகளையும் கோர்த்து ஒரு ரூட் ரிலேஷன். அதில் நெட்வொர்க் 'ஐஎன்:என்எச்', அதாவது இந்தியத் தேசிய நெடுஞ்சாலை; ரெஃப், 'என்எச்' இல்லாமல் வெறும் 38. பொதுவாகப் பார்க்கிற வரைபடம் வேயில் உள்ள எண்ணை எடுத்து ஒரு சின்னப் பெட்டிக்குள் காட்டிவிடும். அந்தந்த நாட்டுக் கேடய வடிவத்திலேயே ஷீல்டு காட்ட நினைக்கிற வரைபடத்துக்கு ரிலேஷன்தான் ஆதாரம்: நெட்வொர்க்கைப் பார்த்து வடிவம், ரெஃப்பைப் பார்த்து எண். ஒன்றில் 38, இன்னொன்றில் 45 என்று இருந்தால் அடுத்தடுத்த இரண்டு கிலோமீட்டரில் இரண்டு எண் தெரியும். இதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

38-இன் ரிலேஷனைத் திறந்தால் வலது பக்கம் ஒரு மெல்லிய கோடு மேலிருந்து கீழே இறங்கும். எல்லாத் துண்டும் ஒன்றோடொன்று தொட்டால் கோடு அறுபடாது. இன்று பெரம்பலூர் பக்கம் அறுந்திருந்தது. போய்ப் பார்த்தால் ஒரு மேம்பாலம். யாரோ பழைய கோட்டை அழித்துவிட்டு, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அழகாகப் புதிதாக வரைந்திருக்கிறார்கள். ஆனால் பழைய கோட்டோடு எண்ணும் போய்விட்டது, ரிலேஷனிலிருந்தும் விழுந்துவிட்டது. இருக்கிற கோட்டை வெட்டித் திருத்தியிருந்தால் எல்லாம் கூடவே வந்திருக்கும். இரண்டு பக்கச் சாலையையும் சேர்த்துக் கோர்க்க முக்கால் மணி நேரம் ஆனது. கோடு நேராக இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

9 ஜனவரி, வியாழன்

புதிதாகச் சேர்ந்த ஒருவர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே 'நேம்' என்ற இடத்திலும் ரெஃப்பிலும் என்எச்45 என்று போட்டிருக்கிறார். உடனே திருப்பிப் போடக் கை போனது. நிறுத்திவிட்டு அவருடைய சேஞ்ச்செட்டில், அதாவது அவர் செய்த திருத்தங்களின் பதிவில், எழுதிக் கேட்டேன். பதில் மரியாதையாக வந்தது: "அண்ணா, நான் அந்த ரோட்டுலதான் தினமும் போறேன். கடை போர்டு எல்லாத்துலயும் என்.எச். 45-ன்னுதான் இருக்கு. களத்துல இருக்கிறதைத்தானே போடணும்?"

நல்ல கேள்வி. களத்தில் இருப்பதே முதல் சாட்சி என்பது நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். ஆனால் கடை போர்டு கடைக்காரரின் முகவரி. சாலையின் பெயர்ப்பலகை அல்ல. சாலை தன்னைப் பற்றிச் சொல்வது பச்சைப் பலகையிலும் மஞ்சள் தலை கிலோமீட்டர் கல்லிலும்தான். அவையும் பழசாக இருந்தால் அரசிதழ் இருக்கிறது. வேறு கம்பெனி வரைபடத்தைப் பார்த்து எண் எடுக்கக் கூடாது, அதன் உரிமம் வேறு. இதையெல்லாம் எழுதினேன். எண் ரெஃப்பில்தான் போகும், பெயருக்கான இடத்தில் எண்ணைப் போடக் கூடாது என்பதையும் சொன்னேன். 45-ஐத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதற்கு 'ஓல்ட் ரெஃப்' என்று தனி இடமே இருக்கிறது. கடைகளின் முகவரியில் கடைக்காரர் எழுதியபடியே இருக்கட்டும்.

தேடி எடுத்து மொத்தமாக மாற்றிவிடலாமா என்றும் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். 45 என்று தேடினால் 45ஏ, 45பி, 45சி எல்லாம் சேர்ந்து வரும். 45பி மதுரை வழியாகத் தூத்துக்குடி போனது, இப்போது 38. 45சி விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போனது, இப்போது 36. ஓசூர்ப் பக்கமோ ஆசிய நெடுஞ்சாலை 45 வேறு ஓடுகிறது. அது இன்றைக்கும் செல்லுபடியாகும் எண். அங்கே பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை 44-உம் 48-உம் ஒரே தாரில் போகின்றன, ரெஃப்பில் இரண்டையும் அரைப்புள்ளி வைத்துப் பிரித்து எழுதியிருப்பார்கள். ஒரே சொடுக்கில் மாற்றப் போனால் எதை உடைத்தோம் என்பதே தெரியாது.

11 ஜனவரி, சனி. பயணம்

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பியும் செங்கல்பட்டு வரை நெரிசல். முன் சீட்டில் பையன் எண்களைப் படித்துக்கொண்டே வந்தான். நான் ஓட்டும்போது போனைத் தொடுவதில்லை. டேஷ்போர்டில் பொருத்தியிருந்த கேமரா தானாகப் படம் எடுத்தது.

வடமதுரை தாண்டி டீக்கு நிறுத்திய இடத்தில், கடைக்குப் பக்கத்திலேயே ஒரு கிலோமீட்டர் கல். தலையில் மஞ்சள் புதுசு, மேலே கறுப்பில் 83. ஒரு ஓரத்தில் மட்டும் பெயிண்ட் கோழி முட்டை அளவுக்குப் பெயர்ந்திருந்தது. அடியில் வெளிறிய மஞ்சள், அதில் ஒரு 5-இன் வயிறு. விரலால் தொட்டால் இரண்டு பூச்சுக்கும் நடுவே விளிம்பு தட்டுப்பட்டது. டீக்கடை அண்ணனிடம் இது எந்த ரோடு என்று கேட்டேன். "திருச்சி ரோடு தம்பி" என்றார். நம்பரைக் கேட்டதும் யோசிக்காமல் "நாப்பத்தஞ்சு" என்றார். கல்லுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் சொன்னார்.

13 ஜனவரி, போகி. வத்தலக்குண்டு

அப்பா இருபத்தேழு வருஷம் லாரி ஓட்டியவர். மடிக்கணினியில் ஐந்து எண்களையும் ஐந்து நிறத்தில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருந்த ரோட்ட எதுக்குப்பா வெட்டுனாய்ங்க?" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வடக்கு தெற்காகப் போவது இரட்டைப்படை, கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு மேற்காக ஓடுவது ஒற்றைப்படை, வடக்கிலிருந்து தெற்கே வர வரக் கூடும். மூன்று இலக்கம் இருந்தால் கிளைச்சாலை, கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலை. நம் 45 தெற்கே வந்து மேற்கே திரும்புகிறது, அதனால் ஒரு திசைக்குள் அடங்கவில்லை.

"அப்ப 183, 83-ஓட பிள்ளையா?"

"ஆமாப்பா. 132 வந்து 32-ஓட பிள்ளை."

"ஏழாம் நம்பரு?"

"காசியில இருந்து கன்னியாகுமரி வந்ததுதானப்பா? நம்ம பக்கம் அது இப்ப 44. ஸ்ரீநகர்ல இருந்து வருது."

அப்பா தலையை ஆட்டினார். ஓட்டியவருக்கு இது உடனே பிடிபட்டுவிட்டது. ஆனால் கேட்டார்: "ராத்திரி ரோட்டுல நிக்கிறவன் என்னைய மாதிரி ஆளுன்னா 45-ன்னுதான சொல்லுவான். அவனுக்கு என்ன செய்வீங்க?" ஓல்ட் ரெஃப்பைக் காட்டினேன். எத்தனை துண்டில் போட்டிருக்கிறேன் என்று கேட்டார். விழுப்புரம் வரைக்கும்தான் போட்டிருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

16 ஜனவரி, வியாழன்

காணும் பொங்கல். எல்லோரும் வைகை அணைக்குப் போயிருக்கிறார்கள். நான் திருச்சி வரை ஓல்ட் ரெஃப் போட்டு முடித்தேன். மத்தியானத்துக்கு மேல் மணப்பாறை, ஐயலூர். சாயங்காலம் திண்டுக்கல். வழியில் பைபாஸ் வந்த ஊர்களில் மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டியிருந்தது. புது எண் பைபாஸுக்கு. ஊருக்குள் போகும் பழைய சாலைக்கு எண்ணே கிடையாது, ஆனால் ஒரு காலத்தில் 45 அதன் வழியாகத்தான் போனது. அங்கே ரெஃப் இல்லாமல் ஓல்ட் ரெஃப் மட்டும். பைபாஸ் எண் மாறுவதற்கு முன்பே திறந்திருந்தால் அதற்கும் ஓல்ட் ரெஃப் உண்டு. எது முன்னே எது பின்னே என்பதைச் சில ஊர்களில் அப்பாவிடமே கேட்டுக்கொண்டேன்.

19 ஜனவரி, ஞாயிறு. தாம்பரம்

அந்தத் தம்பி திண்டிவனம்–விழுப்புரம் துண்டை அவரே சரி செய்துவிட்டார். ரெஃப்பில் 132, ஓல்ட் ரெஃப்பில் 45, பெயருக்கான இடம் காலி. சேஞ்ச்செட்டில் எந்தக் கல்லைப் பார்த்தார் என்றும் எழுதியிருக்கிறார்.

செம்பட்டி தாண்டி மூன்று கற்களை நான் படம் எடுக்கவில்லை, திரும்பும்போது இருட்டிவிட்டது. அப்பா எடுத்து அனுப்புவதாகச் சொன்னார்.

26 ஜனவரி, ஞாயிறு

காலையில் அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் மூன்று படம். பஸ்ஸில் போய் இறங்கி நடந்திருக்கிறார். இரண்டில் 183 தெளிவாக இருக்கிறது. மூன்றாவது கல்லில் தலை முழுக்கப் புது மஞ்சள், எண் இன்னும் எழுதவில்லை. மூன்றையும் அதனதன் இடத்தில் குறித்தேன். மூன்றாவதில் எண்ணுக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அடுத்த மாசம் அந்தப் பக்கம் போகும்போது மறுபடி பார்ப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார்.