ஜாக்கி சானும் 12 மந்திரக் கற்களும்

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மதியமானால் அக்கா பையனோடு உட்கார்ந்து பழைய ஜாக்கி சான் கார்ட்டூன்தான். சுட்டி டிவியில் நாம் தமிழில் பார்த்தோமே, அதேதான்.

முதல் சீசனை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கட்டியிருக்கிறார்கள்! சீன ராசிக்கு ஒன்றாக 12 மந்திரக் கற்கள். பெரும்பாலும் எபிசோடுக்கு ஒரு கல் வேட்டை. கல்லுக்கு என்ன சக்தியோ, அதிலிருந்தே அன்றைய காமெடி. புலிக்கல்லால் ஜாக்கி நல்லவர், கெட்டவர் என்று இரண்டு ஆளாகப் பிரிவார். எலிக்கல் பட்டால் பொம்மைக்கு உயிர் வந்துவிடும். அப்போதெல்லாம் காட்பாடியில் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும். ஒரு எபிசோட் போனாலும் மறுநாள் கதை புரியும். ஆனால் எல்லாக் கல்லும் வில்லனான டிராகன் அரக்கன் ஷெண்டுவிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

எனக்குப் பிடித்தவர் டோரு. ஆரம்பத்தில் வில்லன் கூட்டத்து ஆள். அப்புறம் ஜாக்கியின் மந்திரம் தெரிந்த அங்கிளிடம் சிஷ்யனாகச் சேர்ந்து திட்டு வாங்குவார். சிரிக்க வைத்துக்கொண்டே ஆளை மாற்றிவிட்டார்கள், பாருங்கள். இப்போது வருகிற பல தொடர்களில் ஒன்று, நேற்று நடந்தது எதுவும் இன்று யாருக்கும் நினைவிருக்காது. இல்லையென்றால் மூன்றாவது எபிசோடிலேயே உலகம் அழியப் போகிறது என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

பொடியன் இப்போது அந்த அங்கிள் மாதிரியே பேசி முடித்துப் போய், திரும்பி வந்து இன்னொன்று சொல்கிறான். அக்காவுக்குக் கோபமெல்லாம் என்மேல்தான்.