அரக்குத் தட்டுக்கு ஏற்ற ஊசி

கும்பகோணத்தில் பாத்திரக் கடைக்குப் பஞ்சமில்லை. இசைத்தட்டு ஓட்டும் கருவியான டர்ன்டேபிளை ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்து வாங்க ஒரு கடைகூட என் கண்ணில் படவில்லை. அதனால் படித்துப் பார்த்தே தேர்ந்தெடுத்தேன்.

முதலில் வேகம். தாத்தாவின் தகரப் பெட்டியில் பாதிக்கு மேல் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் அவற்றில்தான் இருக்கிறது. மீதி, 1948-இல் அறிமுகமான 33⅓ சுற்று வினைல் தட்டுகள். மலிவான கருவிகள் பலவற்றில் 33⅓, 45 மட்டுமே உண்டு. ஆடியோ-டெக்னிகா எல்பி60எக்ஸ் அப்படித்தான். அதே நிறுவனத்தின் எல்பி120எக்ஸில் 78-உம் இருக்கிறது. விலைதான் மூச்சு முட்ட வைக்கிறது.

வேகம் மட்டும் போதாது. அரக்குத் தட்டில் ஊசி ஓடும் பள்ளம், வினைல் தட்டினுடையதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். வினைல் ஊசியை அதில் வைத்தால் அடியில் கிடக்கும் தூசியை உழுதுகொண்டு போகும். நாகஸ்வரத்தை விடக் கரகரப்பே அதிகம் கேட்கும். தனி ஊசி வாங்கினேன். கைப்பெட்டி வடிவ மலிவுக் கருவிகள் பார்க்க அழகு, அவ்வளவுதான். பலவற்றில் ஊசியின் அழுத்தத்தைச் சரிசெய்ய எடையே கிடையாது.

ஐப்பசி ஈரத்தில் தட்டுகளில் பூஞ்சை படர்ந்திருந்தது. அரக்கை ஸ்பிரிட் கரைத்துவிடும் என்பதால் ஈரத்துணியால் மட்டும் துடைத்தேன்.

கூடத்தில் ஊஞ்சல் ஆடினால் ஊசி துள்ளுகிறது. ஊஞ்சலை நிறுத்தச் சொன்னதற்கு அம்மா முறைத்தார். கருவி இப்போது சுவரோடு பதித்த கடப்பாக்கல் அலமாரியில்.